கழித்துக் கட்டிய வண்டி

ஏலத்தில் எடுத்த பழைய போலீஸ் ஹார்லியை வெட்டி, சாய்த்து, ஒட்டி, உலகின் மிகப் பிரபலமான சாப்பராக்கினார்கள் இரண்டு பேர். ஹார்ட்டெயில் சாப்பர் எப்படிப் பிறக்கிறது? அதைப் பெற்றவர்கள் என்ன ஆனார்கள்?

‘ஈஸி ரைடர்’ படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி. வையட்டாக வரும் பீட்டர் ஃபோண்டா, பிளாஸ்டிக் குழாய்க்குள் சுருட்டிய டாலர் நோட்டுகளைத் தன் பைக்கின் பெட்ரோல் டேங்குக்குள் திணிக்கிறார். பிறகு கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, மண்ணில் வீசுகிறார். இரண்டு வண்டிகள் கிளம்புகின்றன.

கடிகாரத்தைத்தான் அவரால் வீச முடிந்தது. வண்டியில் வீசுவதற்கு எதுவும் பாக்கி இல்லை. முன் மட்கார்டு இல்லை. முன் பிரேக் இல்லை. பின்னால் ஷாக் அப்சார்பர் இல்லை. ஒரு பெரிய என்ஜின், அமெரிக்கக் கொடியைப் பூசிய ஒரு சின்ன டேங்க், வானத்தைப் பார்த்து நிற்கும் ஹேண்டில்பார், எங்கேயோ முன்னால் தனியாக உருளும் ஒல்லியான சக்கரம். அவ்வளவுதான்.

1969 ஜூலையில் வெளியான அந்தப் படம் சுமார் 4 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, சுமார் 6 கோடி டாலர் வசூலித்தது. படத்தை இயக்கி, இன்னொரு வண்டியில் வரும் டென்னிஸ் ஹாப்பருக்குக் கான் விழாவில் முதல் படத்துக்கான பரிசை வாங்கித் தந்தது. ஃபோண்டாவின் சுவரொட்டி கல்லூரி விடுதிகளின் சுவரேறியது. ‘கேப்டன் அமெரிக்கா’ என்று பெயர் பெற்ற அந்த வண்டியைப் பார்த்து, உலகம் முழுவதும் எத்தனையோ பேர் வீட்டு முற்றத்தில் ரம்பத்தை எடுத்தார்கள்.

அந்த வண்டி ஷோரூமிலிருந்து வந்ததல்ல. ஏலத்திலிருந்து வந்தது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் போலீஸுக்கு உழைத்து ஓய்ந்த ஹார்லி டேவிட்சன் ஹைட்ரா கிளைடு வண்டிகளைத் தலா 500 டாலர் அளவில் எடுத்தார்கள். நம்மூராக இருந்தால் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும். ஃபோண்டாவுக்கு இரண்டு, ஹாப்பருக்கு இரண்டு என்று நான்கு சாப்பர்கள் தயாராயின. நேற்றுவரை ஹிப்பிகளைத் துரத்திய வண்டி, மறுநாள் ஹிப்பியைச் சுமந்துகொண்டு போனது.

போர் முடிந்து வந்த வெட்டு

சாப்பர் என்றால் வெட்டப்பட்டது. பலர் நினைப்பதுபோல அது எதையும் சேர்த்துச் செய்த வண்டி இல்லை. எதை எதை எடுத்தால் இன்னும் ஓடும் என்று பார்த்துப் பார்த்துக் கழித்த வண்டி.

கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. போருக்காக ஹார்லி சுமார் 90,000 ராணுவ பைக்குகளைத் தயாரித்தது. போர் முடிந்ததும் மிச்ச வண்டிகள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. கையில் கொஞ்சம் காசும், மெக்கானிக் வேலையில் பயிற்சியும், வீட்டில் உட்கார முடியாத மனசுமாகத் திரும்பிய இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். அந்தக் கால ஹார்லி 250 கிலோவைத் தாண்டும் யானை. அதை வேகமாக ஓட வைக்க வேண்டுமானால் என்ஜினைப் பெரிதாக்கலாம். அதற்குப் பணம் வேண்டும். எடையைக் குறைக்கலாம், அதற்கு ஒரு ஸ்பேனர் போதும்.

முன் மட்கார்டைக் கழற்றினார்கள். பின் மட்கார்டின் வாலைக் கத்தரித்தார்கள். பெட்டிகளும் கண்ணாடிக் கவசமும் மூலைக்குப் போயின. இப்படிச் செய்த வண்டிக்கு ‘பாபர்’ என்று பெயர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘பாப் கட்’ வெட்டுகிறோமே, அதே பாப்தான். மயிருக்கு நடந்தது மட்கார்டுக்கும் நடந்தது.

பாபரின் நோக்கம் வேகம். சாப்பரின் நோக்கம் வேறு. 1960களில் கலிஃபோர்னியாவில் வெட்டு, மேலே மாட்டிய பாகங்களைத் தாண்டி வண்டியின் எலும்புக்கூடான சேஸிக்கே போனது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் நீண்டது, அது மாட்டும் கழுத்து சாய்ந்தது, ஹேண்டில்பார் உயர்ந்தது, பின்சீட்டுக்குப் பின்னால் முதுகு சாய்க்கும் கம்பி ஆளுயரம் வளர்ந்தது. வேகம் இரண்டாம் பட்சம். தெருவில் போகும்போது எல்லாத் தலையும் திரும்ப வேண்டும் என்பதுதான் முதல் பட்சம்.

இதில் ஹார்லியின் ‘பான்ஹெட்’ என்ஜினுக்குத் தனி மரியாதை. 1948 முதல் 1965 வரை வந்த இதன் மேல்மூடிகள் கவிழ்த்து வைத்த சட்டி போல இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். 1,200 சிசி, 45 டிகிரியில் விரிந்த இரண்டு சிலிண்டர்கள். இரண்டு கனெக்டிங் ராடுகளும் கிராங்கின் ஒரே பின்னில் மாட்டியிருப்பதால் இரண்டு வெடிப்புகளுக்கும் இடைவெளி சமமாக வராது. ஒன்று 315 டிகிரி, மற்றது 405 டிகிரி. ஐடிலில் நிற்கும் ஹார்லி நொண்டி நொண்டித் தாளம் போடுவது அதனால்தான்.

கெட்டி வால்

ஹார்ட்டெயில் என்ற சொல்லுக்கு வருவோம். இன்றைய பைக்கில் பின்சக்கரம் ஸ்விங் ஆர்மில் மாட்டியிருக்கும். பள்ளத்தில் இறங்கினால் ஸ்விங் ஆர்ம் மேலே வரும், ஷாக் அப்சார்பர் அதிர்ச்சியை விழுங்கும். ஹார்ட்டெயிலில் இந்த ஏற்பாடு கிடையாது. பின்சக்கரத்தின் ஆக்சில் நேராகச் சேஸியிலேயே மாட்டியிருக்கும். நம் சாதா சைக்கிளைப் போல. வால் கெட்டி, ஆடாது, அசையாது.

இது சாப்பர்காரர்கள் கண்டுபிடித்த புதுமை இல்லை. ஒருகாலத்தில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் அப்படித்தான் இருந்தன. ஹார்லியின் பெரிய வண்டிகளுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் வந்ததே 1958இல், டுவோ கிளைடு மாடலில்தான். ‘ஈஸி ரைடர்’ வண்டிகள் அதற்கு முந்தியவை. பிறவியிலேயே கெட்டி வால்.

1958க்குப் பிறகு வந்த வண்டிகளை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? கம்பெனி கொடுத்த சொகுசை வெட்டி எறிந்துவிட்டுப் பழைய கெட்டி வாலைத் திரும்ப ஒட்டினார்கள். காரணம், கோடு. பக்கவாட்டில் நின்று ஒரு ஹார்ட்டெயிலைப் பாருங்கள். கழுத்திலிருந்து டேங்குக்கு அடியில் ஓடி, சீட்டைத் தாண்டி, பின் ஆக்சில் வரை ஒரே இழுப்பில் ஒரு கோடு இறங்கும். இடையில் ஸ்பிரிங் கிடையாது, சக்கரம் எழும்புவதற்கு விட்ட வெற்றிடமும் கிடையாது. அந்த ஒரு கோட்டுக்காக முதுகெலும்பைப் பணயம் வைக்க ஆள் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள்.

பட்டறைக்குள்

இன்று பான்ஹெட்டை வெட்ட யாருக்கும் மனசு வராது, விலை அப்படி. அமெரிக்காவில் ஹார்ட்டெயில் செய்ய நினைக்கும் சாமானியர் அதிகம் தேடும் பழைய வண்டிகளில் ஒன்று யமஹா எக்ஸ்எஸ் 650. 1970இல் விற்பனைக்கு வந்து 1980களின் தொடக்கம்வரை அங்கே ஓடிய, இரண்டு சிலிண்டர்கள் பக்கம் பக்கமாக நிற்கும் 653 சிசி வண்டி. எளிய என்ஜின், அடி தாங்கும். பார்வைக்கும் பழைய பிரிட்டிஷ் வண்டியின் சாயல்.

வேலை கிரைண்டரில் தொடங்குவதில்லை, சின்னச் சின்னப் பைகளில் தொடங்குகிறது. வண்டியைப் பிரிக்கும்போது ஒவ்வொரு போல்ட்டும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று எழுதித் தனித்தனிப் பையில் போட வேண்டும். இதில் சோம்பல் பட்டவர்களின் வண்டி பல வருஷம் கொட்டகையில் எலும்புக் குவியலாகவே கிடக்கும்.

அடுத்தது ஜிக். இரும்புச் சட்டங்களால் ஆன ஒரு மேஜை. சேஸியின் கழுத்து, என்ஜின் உட்காரும் இடங்கள், பின் ஆக்சில் மூன்றும் ஒரே நடுக்கோட்டில் அசையாமல் இருக்கும்படி அதில் இறுக்குவார்கள். ஜிக் இல்லாமல் வெட்டினால் என்ன ஆகும்? வெல்டிங் சூட்டில் இரும்பு விரியும்; ஆறும்போது ஒரு பக்கமாக இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத சில மில்லி மீட்டர் கோணல், ரோட்டில் வண்டி எப்போதும் ஒரு பக்கமாக மேயப் போவதில் தெரியும். ஜிக்கில் இருந்தாலும் ஒரே மூச்சில் வெல்டிங் பிடிக்க மாட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு பொட்டு, அந்தப் பக்கம் ஒரு பொட்டு, ஆற விட்டு நூல் பிடித்துப் பார்த்து, மறுபடி ஒரு பொட்டு.

வெட்டும் இடம் சீட்டுக்குக் கீழே. மேல் குழாயையும் அடிக் குழாய்களையும் அறுத்தால் ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பர் கொக்கிகளும் சேர்ந்து ஒரே துண்டாகக் கழன்று வரும். அந்த இடத்தில் புதிய முக்கோண வால். சுமார் 3 மில்லி மீட்டர் கனமுள்ள கெட்டிக் குழாயில் செய்தது. ‘4 அங்குலம் நீளம், 2 அங்குலம் இறக்கம்’ என்பதுபோலக் கணக்குச் சொல்லி வாங்கலாம். சக்கரம் அவ்வளவு பின்னே போகும், சீட் அவ்வளவு கீழே இறங்கும்.

பழைய குழாயையும் புதிய குழாயையும் முனையோடு முனை வைத்து ஒட்டினால் அது தற்கொலை. இரண்டுக்கும் உள்ளே இறுக்கமாகப் போகும்படி லேத்தில் ஒரு இரும்புத் தண்டு கடைந்து, பாதி இந்தக் குழாயிலும் பாதி அந்தக் குழாயிலும் சொருகுவார்கள். எலும்பு முறிவுக்கு டாக்டர் உள்ளே கம்பி வைப்பதுபோல. குழாயின் பக்கவாட்டில் துளை போட்டு, அந்தத் துளை வழியாகவும் உள்தண்டோடு சேர்த்து வெல்டிங் பிடிப்பார்கள். கடைசியில் மேற்பரப்பை ராவி, தேய்த்து, தடவிப் பார்ப்பார்கள். விரலுக்கு மேடு தட்டக் கூடாது. இணைத்த இடம் எதுவென்று செய்தவரே தேட வேண்டியிருந்தால் அது நல்ல வேலை.

பிறகு வருவது இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். ஹார்ட்டெயிலில் பின்சக்கரம் மேலே எழும்பாது என்பதால் மட்கார்டை டயரை உரசுகிற மாதிரி ஒட்டி வைக்கலாம். ஆனால் சுற்றிலும் இடைவெளி சீராக இருக்க வேண்டும். அதற்கு அளவுகோல் எதுவும் வேண்டாம். பழைய செயின் ஒன்றை டயரின் மேல் மாலை போலப் போட்டு டேப்பால் ஒட்டுவார்கள். அதன் மேல் மட்கார்டை உட்கார வைத்து, தாங்கு கம்பிகளை வெல்டிங் செய்தபின் செயினை உருவிவிடுவார்கள். செயினின் கனம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி, ஓரத்திலிருந்து ஓரம்வரை.

ஒரு லாபமும் உண்டு. சாதாரண வண்டியில் ஸ்விங் ஆர்ம் ஏறி இறங்கும்போது செயினின் தொய்வு மாறிக்கொண்டே இருக்கும். கெட்டி வாலில் இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் மாறாது. ஒருமுறை இழுத்து வைத்தால் நிற்கும். நஷ்டக் கணக்கு அதற்கு எதிர்ப்பக்கத்தில் நீளமாக இருக்கிறது. ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலும் சேஸிக்கு நேராக ஏறுவதால் நட்டுகள் கழலும், டேங்க் மாட்டிய இடத்தில் விரிசல் விடும், வயர்கள் உராய்ந்து அறுந்துபோகும். எனவே டேங்குக்கு ரப்பர் புஷ், ஒவ்வொரு போல்ட்டுக்கும் பூட்டு வாஷரோ பசையோ. ஹார்ட்டெயில் வைத்திருப்பவர் பயணத்துக்கு முன் சாமி கும்பிடுகிறாரோ இல்லையோ, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வருவார்.

எல்லாம் கழுத்தில்

சாப்பரின் ரகசியம் வாலில் பாதி, கழுத்தில் பாதி. ஃபோர்க்கை மட்டும் நீட்டினால் வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு, மிரண்ட குதிரை மாதிரி நிற்கும். சேஸி தரைக்கு இணையாக இருக்க வேண்டுமானால் கழுத்தையும் சாய்க்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் உள்ள குழாயில் ஆப்பு வடிவில் வெட்டுப் போட்டு, கீழ்க் குழாய்களைச் சூடாக்கி வளைத்து, கழுத்தைச் சாய்த்து, வெட்டை மூடி, இரும்புத் தகடு வைத்துப் பலப்படுத்துவார்கள். வண்டியின் மொத்த உயிரும் தொங்கும் இடம் அது. இங்கே வெல்டிங் விட்டால் முன்சக்கரம் தனியே போய்விடும்.

எவ்வளவு சாய்க்கலாம்? தள்ளுவண்டியின் சின்னச் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். அது திரும்பும் அச்சுக்குப் பின்னால் தரையைத் தொடுகிறது. அதனால்தான் தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. பைக்கிலும் அப்படித்தான். கழுத்தின் கோட்டை நேராகத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் புள்ளி அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அந்த இடைவெளிதான் வண்டியை நேராக ஓட வைக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். முன்சக்கரத்தின் ஆரம் 34 செ.மீ., ஃபோர்க் கழுத்துக் கோட்டிலிருந்து 6 செ.மீ. முன்னால். கழுத்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் இந்த இடைவெளி ஏறக்குறைய 13 செ.மீ. அதே கழுத்தை 45 டிகிரிக்குச் சாய்த்தால் 25 செ.மீ. தாண்டும். ஏறக்குறைய இரு மடங்கு. நெடுஞ்சாலையில் அந்த வண்டி அம்பு மாதிரி நேராகப் போகும். கையை விட்டாலும் போகும். ஆனால் பெட்ரோல் பங்குக்குள் மெதுவாகத் திருப்பும்போது முன்சக்கரம் தன் பாரத்தாலேயே ஒரு பக்கம் சரியும், ஹேண்டில்பார் கையைப் பிடுங்கும். விவரம் தெரிந்தவர்கள் ஃபோர்க்கின் தாங்குதட்டையே கோணமாகச் செய்து இந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்வார்கள். விவரம் தெரியாதவர்கள் சுவரொட்டியைப் பார்த்துச் செய்தார்கள். முதல் திருப்பத்தில் தெரிந்துகொண்டார்கள்.

ஏறி உட்கார்ந்தால்

பான்ஹெட் சாப்பரைக் கிளப்புவது ஒரு சடங்கு. இடது கைப்பிடியைத் திருகி, நெருப்புப் பொறி தாமதமாக வரும்படி வைக்க வேண்டும். சாவி போடாமல் இரண்டு முறை கிக்கரை மிதித்து, பெட்ரோலை உள்ளே இழுக்க வேண்டும். பிறகு சாவி, பிறகு முழு உடம்பின் பாரமும் ஒரே மிதியில். இடது கைப்பிடியை மறந்துவிட்டால் கிக்கர் எதிர்த்து அடிக்கும். முழங்காலைப் பதம் பார்க்கும்.

ஓட்டும்போது உங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவே இருப்பது பின் டயரின் காற்றும், சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்திருந்தால் அதுவும்தான். பின்னால் குண்டு டயர் போடுவது அழகுக்கு மட்டுமில்லை. அதன் பக்கச்சுவர்தான் அங்கே ஷாக் அப்சார்பர். அந்தக் காலத்தில் நீண்ட தூரம் போகிறவர்கள் குலுக்கலுக்குப் பயந்து இடுப்பில் அகலமான தோல் பட்டை கட்டிக்கொண்டார்கள். முன் பிரேக் இல்லாத வண்டியை நிறுத்துவது அதைவிடப் பெரிய பாடு. பிரேக் பிடித்தால் எடை முன்சக்கரத்துக்குப் போகும். அங்கே பிரேக்கே இல்லை. எனவே எதிரே வருவதை எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிட வேண்டும்.

பேர்போன வண்டி, பேர் போன மனிதர்கள்

இத்தனை கைவேலையும் செய்தவர்கள் யார்? படத்தின் பெயர்ப் பட்டியலை முழுக்கப் பார்த்தாலும் விடை கிடைக்காது.

‘கேப்டன் அமெரிக்கா’வை வடிவமைத்து வேலைகளை முன்னின்று நடத்தியவர் கிளிஃப் வாஸ். பட்டறையில் செய்து கொடுத்தவர் பென் ஹார்டி. இருவரும் கறுப்பினத்தவர்கள். கொடி பூசிய டேங்க் போன்ற யோசனைகள் ஃபோண்டாவுடையவை. பின்னர் பல காலம் பேட்டிகளிலும் கட்டுரைகளிலும் அந்த வண்டி ஃபோண்டாவின் படைப்பாகவே பேசப்பட்டது.

ஹார்டியின் பட்டறை தெற்கு லாஸ் ஏஞ்சலஸில், ஃபிளாரன்ஸ் அவென்யூவில் இருந்தது. 1965 ஆகஸ்டில் 34 உயிர்களைப் பறித்த வாட்ஸ் கலவரம் வெடித்த வட்டாரம் அது. சுற்றுவட்டார பைக் இளைஞர்களுக்கு அவர்தான் வாத்தியார். ஸ்பிரிங் வைத்த நீண்ட ‘ஸ்பிரிங்கர்’ ஃபோர்க் செய்வதில் பின்னாளில் பெரும் பெயர் எடுத்த ‘ஷுகர் பேர்’ அவரிடம் தொழில் கற்றவர்.

வாஸின் வாழ்க்கை இன்னொரு படத்துக்கான கதை. 1937இல் பாஸ்டனில் பிறந்தவர். கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மாணவர் அமைப்பான எஸ்என்சிசியில் புகைப்படக்காரர். 1964இல் மேரிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தேசியக் காவல் படையினர் அவரைப் பிடித்து இழுக்கும் காட்சியை, சக புகைப்படக்காரர் டேனி லயன் எடுத்த படம், அந்தப் போராட்டத்தின் புகழ்பெற்ற படங்களில் ஒன்று. தென் மாநிலங்களுக்கும் வாஸ் தன் சாப்பரிலேயே போனார். தன்னை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று பின்னாளில் சொன்னதுண்டு. ‘ஈஸி ரைடர்’ எப்படி முடிகிறது என்று தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு கணம் மூச்சு நிற்கும். தெற்கத்திச் சாலை ஒன்றில், பிக்கப் வண்டியில் வரும் இருவர், சாப்பரில் போகும் இருவரைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். திரையில் விழுபவர்கள் வெள்ளையர்கள்.

படப்பிடிப்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வாஸ் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். 1970களின் தொடக்கத்தில் அவர் இயக்கிய ஒரு குறும்படம் உண்டு. ‘நாட் சோ ஈஸி’ என்று பெயர். பைக்கில் பத்திரமாகப் போவது எப்படி என்று சொல்லித் தருகிற படம். அதில் தோன்றியவர்களில் பீட்டர் ஃபோண்டாவும் ஒருவர். முன் பிரேக்கே இல்லாத வண்டியை உலகத்துக்குக் கொடுத்தவர், பிரேக் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

வண்டிகளின் விதியும் விசித்திரம்தான். ஒரு ‘கேப்டன் அமெரிக்கா’ கடைசிக் காட்சிக்காக நொறுக்கப்பட்டது. மற்ற மூன்றும் படம் வெளிவருவதற்கு முன்பே திருட்டுப் போயின; அவற்றின் மதிப்பு தெரியாமல் பாகம் பாகமாகப் பிரித்து விற்றிருப்பார்கள் என்பதே பொதுவான கருத்து. நொறுங்கிய வண்டியின் மிச்சத்திலிருந்து மீட்டது என்று சொல்லப்பட்ட ஒன்று 2014 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் ஏலத்துக்கு வந்தது. 13.5 லட்சம் டாலருக்குப் போனது. 500 டாலர் வண்டி! ஆனால் அது அசல்தானா என்று உடனே கேள்வி எழுந்தது. படப்பிடிப்பில் வண்டிகளைக் கவனித்துக்கொண்ட டான் ஹாகர்ட்டி, வேறொரு வண்டிக்கும் இதுதான் அசல் என்று சான்று கொடுத்திருந்தது வெளியே வந்தது.

வண்டி அசலா என்று இவ்வளவு பேர் சண்டை போட்டார்கள். செய்தவர் யார் என்று கேட்கத் தொடங்கியது மிகத் தாமதமாக. ஹார்டி 1994இலேயே இறந்துவிட்டார். வாஸ் 2016 ஜூலையில் காலமானபோது அவர் பெயரோடு ‘கேப்டன் அமெரிக்கா’வும் அஞ்சலிக் குறிப்புகளில் இடம்பெற்றது. அவருக்குக் கிடைத்த பெயர்ப் பட்டியல் அதுதான்.

பொய் வால்

வெட்டி எறிந்தவர்களைப் பார்த்துக் கம்பெனியும் கற்றுக்கொண்டது. செயின்ட் லூயிஸைச் சேர்ந்த பொறியாளர் பில் டேவிஸ், ஷாக் அப்சார்பரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்து, ஹார்ட்டெயில் போலவே தோன்றும் சேஸியை உருவாக்கினார். அதன் உரிமையை வாங்கிய ஹார்லி, 1984 மாடலாக ‘சாஃப்ட்டெயில்’ வண்டியைக் கொண்டுவந்தது. பார்த்தால் கெட்டி வால்; உட்கார்ந்தால் மெத்தை. பட்டறைக்காரர்கள் வெட்டி உண்டாக்கிய கோட்டைத் தொழிற்சாலை மறைத்து உண்டாக்கியது. இன்றுவரை விற்கிறது.

அந்த ஆசையின் ஒரு கிளை நம் பக்கமும் வந்திருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2024 நவம்பரில் வெளியிட்ட ‘கோவான் கிளாசிக் 350’, தொழிற்சாலையிலிருந்தே பாபராக வரும் வண்டி. உயர்ந்த ஹேண்டில்பார், அந்தரத்தில் நிற்கும் ஒற்றை சீட், வெள்ளைப் பட்டை டயர். வெட்டுவதற்கான சிரமத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது.

இங்கே வெட்டலாமா?

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அப்பாவின் பழைய புல்லட்டைப் பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சேஸியை வெட்டி வாலை மாற்றினால் அது பொதுச் சாலைக்கான வண்டி அல்ல, கண்காட்சிக்கான வண்டி. சேஸியைத் தொடாமல், கழற்றி மாட்டக்கூடிய சீட், ஹேண்டில்பார் போன்றவற்றோடு நிறுத்திக்கொண்டு, அதற்கும் முன்பாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

சட்டத்தை விடுங்கள், இரும்புக்கும் ஒரு நியாயம் உண்டு. கழுத்து வெல்டிங்கில் கை பழகுவதற்கு உங்கள் உயிர் சோதனைப் பொருள் ஆகக் கூடாது.

கழுத்தைப் பாருங்கள்

‘ஈஸி ரைடர்’ இப்போதும் காணக் கிடைக்கிறது. 1998இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாக்கப்படும் படம். அடுத்த முறை பார்க்கும்போது கொடி பூசிய டேங்கில் கண்ணை நிறுத்தாதீர்கள். எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள், அதற்காகத்தான் பூசியது. அதற்குச் சற்று முன்னால், டேங்க் முடிந்து ஃபோர்க் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். போலீஸ் வண்டியின் கழுத்தை வெட்டி, சாய்த்து, மறுபடி ஒட்டிய இடம் அது. பாலைவன வெயிலில் அந்த வண்டி எத்தனையோ மைல் ஓடுகிறது, கழுத்து அசையவில்லை.

எங்கே வெட்டினார், எங்கே ஒட்டினார் என்று தேடிப் பாருங்கள். தெரியாது. பென் ஹார்டியின் வேலை அவ்வளவு சுத்தம்.